குறண்டியிலிருந்து குமுளிக் கணவாய் வரை: சமணத் துறவியர் வழி வகுத்த முறை

எம்.ரெட்டியபட்டியில் நின்று நான்கு திசையும் நோக்கினால் மலை என்று சொல்லத்தக்கது ஒன்றும் கண்ணில் படாது. கரிசல் நிலம், கண்மாய்க் கரை, பனை, உடைமரம், இவற்றுக்கு மேல் வானம், அவ்வளவே. வடக்கே திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். இத்தகைய வறண்ட நாட்டைப் பற்றிய கட்டுரையில் மலைக் கணவாய்க்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆயினும் ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்திலிருந்து புறப்பட்டு, வெறுங்காலுடன் நடந்து, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தை எய்தி, அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகளைச் செய்வித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் கல்லில் நிலைத்துள்ளன. அவர்கள் எவ்வழியே சென்றனர், அவ்வழியை எவ்வாறு தேர்ந்தனர் என்பது தமிழ்நாட்டுச் சமண வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் நெடுஞ்சாலைக்கு அணித்தாக, ஆவியூரை ஒட்டி உள்ள சிற்றூர் குறண்டி. பாண்டியர் காலத்தில் இது வெண்பு நாட்டைச் சேர்ந்தது. இங்கு இருந்த திருக்காட்டாம்பள்ளி தென்பாண்டி நாட்டின் பெரிய சமணப் பள்ளிகளுள் ஒன்று. இன்று குறண்டியில் அப்பள்ளியின் பழைய உருவத்தைக் காண இயலாது. ஆனால் அதன் புகழ் பிற ஊர்களில் பொறிக்கப்பட்டுள்ளது. மதுரைக்கு மேற்கே சமணர் மலைப் புறத்தில் உள்ள ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு ஓர் ஆசிரிய மரபையே தருகிறது. குறண்டி அட்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேன தேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என மூன்று தலைமுறை அதில் வரிசையாக வருகிறது. கனகவீரர் அத்திருமேனியைக் குயில்குடி ஊரார் பெயரால் செய்வித்தார். கழுகுமலையிலும் குறண்டித் துறவியரின் பெயர் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் பாறையில், அட்டோபவாசி படாரரின் மாணாக்கர் அரிட்டநேமிப் பெரியார் குறிக்கப்படுகிறார். எட்டு நோன்பின் பெயரையே பட்டமாகத் தாங்கிய அப்பெரியவர் குறண்டி அட்டோபவாசியே எனக் கொள்வது பொருந்தும்.

உத்தமபாளையத்திலிருந்து தென்மேற்கே கம்பம், கூடலூர். அதற்கு அப்பால் குமுளிக் கணவாய். ஆகவே குறண்டியின் ஆசிரிய மரபு கரிசல் காட்டில் தொடங்கி மலைவாயிலில் போய் நிற்கிறது. இடையில் உள்ள தொலைவு ஏறத்தாழ 160 கிலோமீட்டர்.

நெடுவழி செல்லும் சாதாரண மனிதன் வழியைத் திட்டமிடும்போது மூன்று செய்திகளை எண்ணுவான். எங்கே நீர் கிடைக்கும், எங்கே தங்கலாம், எவ்வழி குறுகியது என்பன அவை. சமணத் துறவியின் கணக்கு இம்மூன்றிலும் வேறுபட்டது.

திகம்பர முனிவர்களின் ஒழுக்க நூலாகிய மூலாசாரம், வட்டகேரர் இயற்றியதாகக் கருதப்படுவது, நடப்பதற்கே தனி விதிகளை வகுக்கிறது. ஐந்து சமிதிகளுள் முதலாவதாகிய ஈர்யா சமிதி அதுவே. கதிரவன் எழுந்து கண்ணுக்குப் பொருள் தெளிவாகத் தெரியும்போதுதான் நடக்க வேண்டும். ஒரு நுகத்தடி அளவு, அதாவது நான்கு முழம், முன்னே நிலத்தைப் பார்த்தே அடிவைக்க வேண்டும். பசும்புல், முளை, ஈரமண், எறும்புப் புற்று ஆகியவற்றை மிதிக்கலாகாது. கதிரவன் மறையும் இடம் எதுவோ அதுவே தங்குமிடம். இவை பலரும் அறிந்தவை. பலரும் கவனியாத ஒரு விதி அந்நூலில் உண்டு. முனிவர் செல்லத் தகுந்த வழி எது என்பதற்கு அது இலக்கணம் கூறுகிறது. வண்டியும் தேரும் பலமுறை சென்ற வழி, யானை, குதிரை, கழுதை, ஒட்டகம், பசு, எருமை, ஆடு முதலியன நடந்த வழி, ஆண்களும் பெண்களும் நடந்து பழகிய வழி, வெயிலால் காய்ந்த நிலம், ஏர் முதலியவற்றால் உழப்பட்ட நிலம் என்பன உயிர் நீங்கிய வழிகள், தூய வழிகள் என்பது அதன் முடிவு.

இதன் பொருள் சிறிதன்று. சமண முனிவர் மனிதர் கால்படாத காட்டைத் தேடிச் சென்றவர், பாதையற்ற மலையை விரும்பியவர் என்னும் பொதுக் கருத்தை இவ்விதி மறுக்கிறது. பாதையை விட்டு விலகிப் புல்லில் ஓரடி வைப்பதுகூட அவருக்குக் குற்றம். குறுக்கு வழி எத்துணை குறுகியதாயினும் அதில் பசுமை இருக்குமானால் அது அவருக்கு வழியன்று.

இந்நோக்கில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வறள்நிலத்தின் மதிப்பே மாறிவிடுகிறது. உழவர்க்கும் வணிகர்க்கும் துன்பமாகிய வெயில், முனிவர்க்கு வழியைத் தூய்மை செய்து தருகிறது. தை அறுவடைக்குப் பின் பச்சை வற்றி, கரிசல் வெடித்து, வண்டித்தடம் கல்போல் இறுகும்போது இந்நாடு முழுவதுமே மூலாசாரம் கூறும் தூய வழியாகி விடுகிறது. எஞ்சும் இடையூறு நெருஞ்சியும் உடைமுள்ளும். அவை நடப்பவர் காலைத்தான் துன்புறுத்துமே தவிர, நடப்பவரால் அவற்றுக்குத் துன்பம் இல்லை. காவிரிக் கரையின் பசுமையைவிட இந்த வறட்சி துறவுக்கு உகந்தது என்று குறண்டிப் பள்ளியை நிறுவியவர்கள் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை.

காவிரிக் கரையின் இடையூறு எத்தகையது என்பதைச் சிலப்பதிகாரம் விரிவாகக் காட்டுகிறது. புகாரை விட்டுக் கோவலனும் கண்ணகியும் ஒரு காவதம் நடந்து கவுந்தியடிகளின் பள்ளியை அடைகின்றனர். மதுரைக்குச் சென்று அறவுரை கேட்க எண்ணியிருந்த அடிகளும் உடன் புறப்படுகிறார். கையில் பிச்சைப் பாத்திரமும் மயிற்பீலியும், தோளில் ஓர் உறியும் தவிர வேறு சுமை அவருக்கு இல்லை. புறப்படுமுன் அவர் வழியை ஆராய்கிறார். செல்லத்தக்க வழிகள் இரண்டு. ஒன்று சோலை வழி, மற்றொன்று வயல் வழி. சோலை வழியே சென்றால் வெயில் இல்லை. ஆனால் வள்ளிக்கிழங்கு தோண்டிய குழிகளைச் சண்பகப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும். குழிக்கு அஞ்சிக் கீழே பார்த்து நடந்தால் பலாப்பழம் தலையில் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பயிரான பாத்திகளில் பலாக்கொட்டை பருக்கைக்கல்போல் காலில் உறுத்தும். வயல் வழியே சென்றால் நீர்நாய் துரத்தும் மீன் துள்ளிக் கண்ணகியை வெருட்டும். கரும்பில் கட்டிய தேனடை உடைந்து நீரில் கலந்திருக்கும். வேட்கை மிகுதியால் அதை அவள் அருந்திவிடக்கூடும். களை பறித்துப் போட்ட குவளையில் வண்டுகள் கிடக்கும். வரப்பில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும்.

இப்பகுதியைக் காவிரி நாட்டின் வளத்தைப் பாடும் பகுதி என்று உரைகாரர் பலர் கொண்டனர். வளம் பாடுவதும் உண்மையே. ஆயினும் ஒரு சமணத் துறவி வழித்திட்டம் வகுக்கும் முறையை இத்துணைத் துல்லியமாகக் காட்டும் வேறு பகுதி தமிழ் இலக்கியத்தில் இல்லை. குழியும் பழமும் நடப்பவர்க்கு வரும் தீங்கு. தேனும் வண்டும் நண்டும் நத்தையும் நடப்பவரால் பிற உயிர்க்கு வரும் தீங்கு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்த பிறகே அடிகள் நடக்கத் தொடங்குகிறார். நாள் ஒன்றுக்கு ஒரு காவதத்துக்கு மேல் அவர்கள் செல்வதில்லை.

உறையூரைக் கடந்த பின் தேர்வு மேலும் கடுமையாகிறது. மாங்காட்டு மறையோன் ஒருவன் எதிர்ப்பட்டு மதுரைக்குச் செல்லும் வழிகளை விளக்குகிறான். கொடும்பாளூரின் நெடுங்குளத்தருகே பாதை சூலம்போல் மூன்றாகப் பிரிகிறது. வலப்பக்க வழி வேனிலால் கருகிய பாலை நிலத்தைக் கடந்து சிறுமலைப் புறமாகச் செல்லும். இடப்பக்க வழி திருமால்குன்றம், அதாவது இன்றைய அழகர்மலை, வழியாகச் செல்லும். அங்கே ஒரு பிலம் உண்டு. அதனுள் மூன்று பொய்கைகள் உண்டு. அவற்றில் மூழ்கினால் இந்திரனின் இலக்கண நூலறிவும் பழம்பிறப்பு உணர்வும் எண்ணியவை எய்தும் பேறும் கிட்டும் என்கிறான். நடுவழி ஊர்கள் இடையிட்ட சோலைகளும் காடுகளும் உள்ளது. அதில் வழிச்செல்வோரை மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு.

கவுந்தியடிகளின் விடை கூர்மையானது. இந்திரனின் நூலை அருகன் அருளிய ஆகமத்தில் காணலாம், பழம்பிறப்பின் பயனை இப்பிறப்பிலேயே காணலாம், உண்மை தவறாது உயிர்களைப் பேணுவார்க்கு எய்தாத பொருள் இல்லை, ஆதலால் பிலம் புகுவது தேவையில்லை என்று மறுத்து, நடுவழியையே தேர்கிறார். புனைவில் வரும் தெய்வத்தையும் பிலத்தையும் நீக்கிப் பார்த்தாலும் இத்தேர்வு மூலாசார விதியோடு ஒத்திருக்கிறது. ஊர்கள் உள்ள வழி, மக்கள் நடந்து பழகிய வழி, பிச்சை கிடைக்கும் வழி. மூன்றில் அச்சம் சொல்லப்பட்ட வழி அது. அடிகள் அச்சத்தைப் பொருட்படுத்தவில்லை.

ஒரு முரண் மட்டும் உண்டு. பாண்டிய நாட்டின் வெப்பத்தைக் கண்ணகியின் அடிகள் தாங்கா என்று கோவலன் வேண்ட, நிலவொளியில் இரவில் நடக்க மூவரும் உடன்படுகின்றனர். விதி கதிரவனின் ஒளியைக் கேட்கிறது. காப்பியத்தில் உடன்வருபவளின் துன்பம் அவ்விதியைச் சற்றே வளைக்கிறது. இளங்கோவடிகள் இதைக் குற்றமாகக் காட்டவில்லை.

கோவலனின் தந்தை மாசாத்துவான். பெருஞ்சாத்தின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். அவன் மகன் சாத்து எதுவும் இன்றி, வண்டியும் காவலும் இன்றி, ஒரு துறவியின் துணையோடு மட்டும் நடந்தான் என்பது அக்காலக் கேட்போர்க்கு இன்று படுவதைவிடக் கூடுதலாகவே உறைத்திருக்கும். காடும் மலையும் கடப்பவர் சாத்தோடு செல்வதே வழக்கம். துறவியரும் அவ்வாறே சென்றனர். சுவேதாம்பர மரபின் பிருகத்கல்ப பாடியம், சங்கதாச கணி இயற்றியது, சாத்துகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. வண்டிச் சாத்து, பொதிமாடு முதலிய விலங்குகளில் சுமை ஏற்றிய சாத்து, தலைச்சுமையாளர் சாத்து, பிழைப்புக்காக ஊர் ஊராகச் செல்வோர் கூட்டம், இரந்துண்போர் கூட்டம் என்பன அவை. எச்சாத்தோடு சேர்வது என்பதற்கும் அங்கே அளவுகோல் உண்டு. கோதுமை, எள், நெய், வெல்லம் முதலிய உணவுப் பொருள் ஏற்றிய சாத்து நல்லது. வெள்ளத்தாலோ வேறு தடையாலோ நடுவழியில் நிற்க நேர்ந்தால் பட்டினி நேராது. குங்குமப்பூ, கத்தூரி முதலிய விலையுயர்ந்த சரக்கு ஏற்றிய சாத்து கூடாது. கள்வர் கண் அதன்மேல் இருக்கும். தலைவனின் இசைவைப் பெற்ற பிறகே சேர வேண்டும். மரபுகள் இரண்டாயினும், நடக்கும் கால்களின் தேவை ஒன்றே.

பாண்டிய நாட்டின் குகைக் கல்வெட்டுகளை இதனோடு வைத்துப் படித்தால் அவை புதிய பொருள் தருகின்றன. அழகர்மலையின் கற்படுக்கைகளுக்கு அருகே தமிழ்ப் பிராமியில் பொறித்த கொடையாளர் பெயர்களில் மதுரைப் பொன்கொல்லன் இருக்கிறான். உப்பு வணிகன், கொழு வணிகன், பணிதமாகிய வெல்லம் விற்பவன், அறுவை எனப்படும் துணி வணிகன் இருக்கின்றனர். மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார், அதாவது ஒரு வணிகக் குழுவினர், கொடையளித்துள்ளனர். சாயல்குடிப் புறத்துக் கடற்கரையிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் உப்பு வண்டி, கமுதி, அருப்புக்கோட்டை நிலப்பரப்பைக் கடந்தே ஆக வேண்டும். அவ்வண்டியின் தடமே முனிவரின் வழி. அவ்வண்டியை ஓட்டியவனும் அவனுடைய முதலாளியுமே முனிவருக்குப் பாறையில் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள்.

நீரின் கணக்கு இன்னும் நுட்பமானது. திகம்பர முனிவர் நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, கையையே கலமாகக் கொண்டு உண்பவர். நீரையும் அப்போதே அருந்துவார், அதுவும் காய்ச்சியதாக இருக்க வேண்டும். கமண்டலத்து நீர் தூய்மை செய்துகொள்வதற்கு மட்டுமே. ஆகவே வழியில் கிணறு இருக்கிறதா, சுனை இருக்கிறதா என்பது அவருடைய கேள்வியன்று. சிராவகர் வீடு இருக்கிறதா என்பதே கேள்வி. நீர் நிறைந்த கண்மாய்க் கரையில் நின்றாலும் வீடு இல்லையெனில் அவர் அன்று நீரின்றியே இருப்பார். ஒரு நாளில் செல்லும் தொலைவைக் கால்கள் தீர்மானிப்பதில்லை. அடுத்த ஊர் தீர்மானிக்கிறது.

இந்த அளவுகோலோடு மேற்கு வழியைத் தொடர்ந்தால் அதன் நிலைகள் தெளிவாகும். குறண்டியிலிருந்து வடமேற்கே மதுரைப் புறம். அங்கே முத்துப்பட்டி, சமணர் மலை. பிறகு நாகமலையின் ஓரமாகக் கொங்கர் புளியங்குளம், விக்கிரமங்கலம், வைகைக்கு அருகே மேட்டுப்பட்டிச் சித்தர்மலை. இவை ஒவ்வொன்றிலும் தமிழ்ப் பிராமி எழுத்தும் கற்படுக்கையும் உண்டு. குகை வாயிலின் மேற்பாறையில் மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டியிருப்பார்கள். இவை ஒன்றும் எட்டாத சிகரங்களில் இல்லை. வயலும் ஊரும் கீழே தெரியும் உயரத்தில், காலையில் இறங்கிச் சென்று உணவேற்று மீளத்தக்க தொலைவிலேயே உள்ளன. பின்னர் ஆண்டிப்பட்டிக் கணவாய் வழியாகத் தேனிப் புறம் புகுந்து, முல்லையாற்றுப் பள்ளத்தாக்கில் தெற்கு நோக்கித் திரும்பினால் உத்தமபாளையம்.

உத்தமபாளையத்தில் கருப்பண்ணசாமி கோயிலுக்கு மேலுள்ள பாறைமுகத்தில் இரண்டு வரிசைகளாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள் உள்ளன. சடையன்மாறன் ஆட்சியின் 20ஆம் ஆண்டில் திருக்குணகிரித் தேவருக்கு விளக்கெரிக்கப் பொற்காசு அளித்த செய்தியும் அங்கே உண்டு. அச்சணந்தி என்னும் புகழ்பெற்ற ஆசிரியரின் பெயரும் இங்கே காணப்படுகிறது. வட ஆர்க்காட்டு வள்ளிமலை, கருங்காலக்குடி, அழகர்மலை, சமணர் மலை, ஐவர்மலை, ஏர்வாடி, குமரி மாவட்டத்துச் சிதறால் என அவர் பெயர் பொறித்த இடங்களைக் கோடிட்டு இணைத்தால் தமிழகத்தின் முழு நீளமும் வரும். விளக்கெரிக்கக் காசு கொடுப்பவர் அருகில் வாழ்பவராகவே இருக்க வேண்டும். மலையடிவாரத்தில் சிராவகக் குடிகள் இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அதற்கு மேல்தான் உண்மையான இடர். கூடலூர்ச் சமவெளியிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள குமுளி வரை ஏற்றம். ஏறிய பின்னும் பெரியாற்றுக் காடு. அங்கே பசுமை ஓயாது, ஈரம் உலராது, அட்டை காலில் ஏறும். மூலாசாரம் விலக்கிய அனைத்தும் அங்கே ஒன்றுகூடியுள்ளன. மிளகும் ஏலமும் ஏற்றிய பொதிமாடுகள் மிதித்த தடம் ஒன்றே துறவிக்கு நடக்கத் தகுந்தது. அத்தடத்தை விட்டால் வழியே இல்லை. இந்நிலையில் ஒரு நாளோ இரு நாளோ உணவும் நீரும் இன்றிக் கடக்க நேர்ந்தால் அதற்குப் பழகிய உடல் வேண்டும். எட்டு நோன்பைப் பட்டமாகத் தாங்கிய ஆசிரியரின் மாணாக்கர் இக்கணவாயின் அடியில் காணப்படுவது தற்செயல் அன்று எனக் கருத இடமுண்டு. நோன்பு வினையை உதிர்ப்பதற்கானது. ஆயினும் வீடில்லாத நிலப்பகுதியைக் கடக்கும் ஆற்றலையும் அது தந்திருக்கும்.

காலத்தின் கணக்கைப் பார்த்தால் சிக்கல் இன்னும் முறுகும். சாதுர்மாசம் ஆடி மாதத்தை ஒட்டித் தொடங்கி, மரபுக்கேற்பத் தீபாவளியை ஒட்டியோ கார்த்திகைப் பௌர்ணமியோடோ நிறைவுறும். வடநாட்டின் மழைக்கு அமைந்த கணக்கு இது. சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை குமுளி மலைக்கும் மேற்குச் சரிவுக்கும் பொருந்தும். ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் புறத்தில் அம்மாதங்கள் பெரும்பாலும் வறண்டவை. இங்கே ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழை. துறவியர் உறைவிடம் விட்டுப் புறப்பட வேண்டிய நாளில்தான் கரிசல் நனைந்து சேறாகிறது, புல் முளைக்கிறது, சிற்றுயிர்கள் பெருகுகின்றன. விதியின் சொல்லைக் காத்தால் அதன் பொருள் கெடும். பொருளைக் காக்க வேண்டுமானால் மேலும் ஒரு திங்களேனும் பள்ளியிலேயே இருக்க வேண்டும்.

மலைக்கு மேற்கே ஆனி முதல் புரட்டாசி வரை மழை. கிழக்கே ஐப்பசி முதல் மார்கழித் தொடக்கம் வரை மழை. சித்திரைக்குப் பின் கரிசல் நாட்டில் வெறுங்கால் வைக்க முடியாத வெப்பம். எஞ்சுவன தையும் மாசியும் பங்குனியும். இம்மூன்று திங்களுக்குள் குறண்டியிலிருந்து புறப்பட்டு, மதுரை மலைகளில் தங்கி, உத்தமபாளையம் சென்று, கணவாயைக் கடப்பதாயின் கடந்து, மறுபுறத்தில் அடுத்த மழைக்கு முன் உறைவிடம் தேட வேண்டும். அவ்வாண்டே திரும்புவது அரிது. கணவாயைக் கடப்பவர் ஓராண்டையேனும் அப்புறத்தில் கழிக்க ஒருப்பட்டே செல்ல வேண்டும். பெரும்பாவூருக்கு அருகில் கல்லில் என்னுமிடத்துக் குடைவரை மலைக்கு அப்பால் சமணம் தங்கியதன் சான்று. பார்சுவநாதர், மகாவீரர், பத்மாவதி உருவங்கள் அங்கே உள்ளன. இன்று அது பகவதி கோயிலாக வழிபடப்படுகிறது.

கூடலூருக்கு மேலே, எல்லை மலையில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. மதுரை எரிந்த பின் கண்ணகி வையைக் கரையைப் பற்றி மேற்கே நடந்து மலையேறி, பதினான்காம் நாள் விண்ணுலகு சென்றாள் என்பது காப்பியச் செய்தி. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று, மக்கள் அக்கோயிலுக்கு ஏறுகின்றனர். கவுந்தியடிகளோடு மதுரை வரை வந்தவள் அடிகள் இல்லாமல் தனியே சென்ற பகுதி இது. வையைக் கரையும் மேற்கு மலையும் கொண்ட அத்திசையிலேயே குறண்டி மாணாக்கரின் வழியும் சென்றது.

வடமேற்கே பழனிக்கு அருகில் ஐவர்மலை; பாலக்காட்டுக் கணவாய்க்குச் செல்வோர் தங்கத்தக்க இடம். அங்கே சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவ படாரர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து 505 காணம் பொன் வைத்தார். வரகுண பாண்டியன் முடிசூடிய ஆண்டு 862 என்று கணிக்கத் துணைநிற்பது இக்கல்வெட்டே.

இக்குகைகளைப் பற்றி ஒரு தவறான கருத்து நெடுநாளாக நிலவுகிறது. சமயப் பகைக்கு அஞ்சி ஓடிய சமணர் ஒளிந்துகொண்ட இடங்கள் இவை என்று ஊர்தோறும் சொல்லப்படுகிறது. கல்வெட்டுகளின் காலம் இதற்கு இடம் தரவில்லை. மாங்குளத்துப் படுக்கைகள் நெடுஞ்செழியனின் பெயரோடு தொடர்புடையவை, கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. கழுவேற்றக் கதைகள் குறிக்கும் காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு. அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்பே அரசனின் அலுவலரும் வணிகரும் வெளிப்படையாகப் பெயர் பொறித்துக் கட்டுவித்த தங்குமிடங்கள் இவை. உத்தமபாளையத்துக்கும் சமணர் மலைக்கும் உரிய திருமேனிகளோ 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பகைக் காலம் எனப்படுவதற்குப் பிற்பட்டவை. ஒளிய விரும்புபவன் பெருவழியை ஒட்டிப் பாறையில் தன் பெயரையும் ஆசிரியர் பெயரையும் ஊரார் பெயரையும் வெட்டி வைக்க மாட்டான்.

தெற்கு வழி எளிதானது. குறண்டியிலிருந்து கரிசல் நாட்டைக் கடந்து, வைப்பாற்றைத் தாண்டிக் கழுகுமலை. பிறகு பொருநை நாடு, ஏர்வாடி. இறுதியாக ஆரல்வாய்மொழிக் கணவாய். மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடும் இடம் அது. அங்கே ஏற்றம் என்று சொல்லத்தக்கது இல்லை, காற்றுதான் கடுமை. அப்பால் கோட்டாறு, அதற்கும் அப்பால் திருச்சாரணத்து மலை எனப்பட்ட சிதறால். இவ்வழியில் இரு திசைப் போக்குவரத்தும் சான்றோடு தெரிகிறது. கழுகுமலைக் கல்வெட்டுகளில் திருக்கோட்டாற்றுத் துறவியர் பெயர்கள் உள்ளன. திருச்சாரணத்துக் குரத்திகள் செய்வித்த திருமேனியும் அங்கே உள்ளது. குரத்தி என்பது பெண் ஆசிரியரைக் குறிக்கும் சொல். கணவாயைக் கடந்து கழுகுமலை வரை வந்து திருமேனி செய்வித்தவர் ஒரு பெண் துறவி. சிதறாலிலோ, விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆண்டில், பேராயிற்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள் பொன் அணிகள் அளித்த செய்தி இருக்கிறது. கவுந்தியடிகள் கற்பனைப் பாத்திரமாக இருக்கலாம். அவரைப் போன்றவர்கள் கற்பனையல்லர்.

குறண்டிப் பள்ளியின் கற்கள் சில இன்று வேறிடத்தில் உள்ளன. திருச்சுழிக்கு அருகில் பள்ளிமடம் சிவன் கோயிலில் வெண்பு நாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைக் குறிக்கும் துண்டுக் கல்வெட்டு காணப்பட்டது. பள்ளி சிதைந்த பின் கற்கள் கட்டடத்துக்காக எடுத்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும். ஆயினும் அவ்வட்டாரத்துச் சமணம் அத்தோடு முடியவில்லை. அருப்புக்கோட்டைக்கு அருகில் கோவிலாங்குளத்தில், முதற் குலோத்துங்க சோழனின் 48ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1118ஐ ஒட்டி, முக்குடையார்க்குக் கோயில் திருப்பணி செய்த கல்வெட்டு உண்டு. அதைச் செய்தவர் ஒருவர் அல்லர். ஊரைச் சேர்ந்த பலர் கூடிச் செய்தனர். மலை கடந்து வருபவர்க்குக் காய்ச்சிய நீரோடு வாயிலில் காத்து நின்ற குடிகள் இத்தகையோரே.